டைனமோவைக் கழற்றுவதற்கு முன்

ஓவர் சார்ஜ் என்று ஒரு பழைய டிராக்டர் பட்டறைக்கு வரும்போது, கூட வருகிறவர்கள் தீர்ப்பையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். "டைனமோ போச்சுங்க. கழட்டி ரீவைண்டிங் பண்ணிடுங்க." கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். சார்ஜே வராத வண்டியில் டைனமோவைச் சந்தேகிக்கலாம். சார்ஜ் அளவுக்கு மேல் வருகிற வண்டியில், அந்த டைனமோவின் ஆர்மேச்சர், கார்பன், பீல்டு காயில் மூன்றும் நன்றாக வேலை செய்கின்றன என்றே பெரும்பாலும் அர்த்தம். அவை கெட்டிருந்தால் அவ்வளவு கரண்டைத் தள்ளவே முடியாது. போதும் என்று அதற்குச் சொல்ல வேண்டிய இடத்தில் ஏதோ கோளாறு. அந்த இடத்தைத் தேடாமல் ஆர்மேச்சரைச் சுற்றக் கொடுத்தால், காசு போகும், காளவாய்ச் சூட்டில் நல்ல காயிலும் போகும், வண்டி அதே நோயோடு திரும்பி வரும்.

காவிரிப் பாசனத்தில் வேலை பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு இந்த நோய் வைகாசி கடைசியில்தான் அதிகம் வந்து சேரும். மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமாகச் சொல்லும் தேதி ஜூன் 12. தண்ணீர் வந்துவிட்டால் குறுவைக்குச் சேறடிக்க எல்லோருக்கும் ஒரே நாளில் டிராக்டர் வேண்டும். பகல் போதாமல் இரவிலும் கேஜ் வீல் மாட்டி வயலில் இறங்குவார்கள். அப்போதுதான் ஹெட்லைட் பல்பு ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். பேட்டரித் தண்ணீர் வற்றும். ஆம்பியர் மீட்டர் முள் வலது ஓரத்தில் போய் நின்றுவிடும். அதுவரை யாரும் கவனிப்பதில்லை. டீசல் இன்ஜின் ஒருமுறை பிடித்துவிட்டால் பேட்டரியை எதிர்பார்க்காமல் ஓடும். அதனால் கரண்டு பக்கத்து நோய் டிராக்டரில் மாதக்கணக்கில் மறைந்திருக்கும்.

நான் சொல்வது டைனமோ வண்டிகளைப் பற்றி. இப்போது வரும் டிராக்டர்களில் ஆல்டர்னேட்டர்தான். அதன் ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும், போனால் மாற்றிவிடலாம். பழைய மாஸி பெர்குசன் 35, இன்டர்நேஷனல் பி-275 போன்றவை வேறு தலைமுறை. சென்னையில் டிராக்டர் கம்பெனி டாஃபே 1960இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு பாடியில் வண்டிகளுக்கு மின்சாமான் செய்யும் லூகாஸ்-டிவிஎஸ் வந்தது. இப்படிப்பட்ட வண்டிகளின் மின்சாரப் பக்கம் முழுக்க இங்கிலாந்து லூகாஸின் வழிமுறை. உருளை வடிவ டைனமோ ஒன்று, அதிலிருந்து வரும் இரண்டு ஒயர், கறுப்பு மூடி போட்ட ஒரு பெட்டி. அந்தப் பெட்டியை எங்கள் ஊர்களில் 'கட்-அவுட்' என்றே சொல்வார்கள். உண்மையில் அதற்குள் இரண்டு தனித்தனிக் கருவிகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று கட்-அவுட், மற்றொன்று ரெகுலேட்டர். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

கட்-அவுட் ஒரு கதவு. டைனமோவின் வோல்ட்டேஜ் பேட்டரியைத் தாண்டியதும், 13 வோல்ட்டை ஒட்டி, அது மூடிக்கொண்டு இரண்டையும் இணைக்கும். இன்ஜின் வேகம் குறைந்து கரண்டு பின்னோக்கிப் பாயத் தொடங்கினால் திறந்துகொள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை. எவ்வளவு சார்ஜ் போகிறது என்பதில் அதற்குப் பங்கில்லை. அது ரெகுலேட்டரின் பொறுப்பு.

டைனமோவில் பெரிய முனை டி, சின்ன முனை எஃப். டி வழியாக உற்பத்தியான கரண்டு வெளியே வருகிறது. அதில் ஒரு சிறு பங்கு பெட்டிக்குப் போய், ரெகுலேட்டரின் காண்டாக்ட் பாயிண்ட் வழியாக எஃப் முனைக்குத் திரும்பி, பீல்டு காயிலைக் காந்தமாக்கி, டைனமோ உடம்பில் எர்த் ஆகிறது. பீல்டுக்குப் போகும் இந்தச் சிறு கரண்டுதான் வாய்க்காலின் மடை. மடையை எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவு தண்ணீர். பெட்டிக்குள் மெல்லிய கம்பியில் சுற்றிய ஒரு காயில், டி முனைக்கும் இ என்னும் எர்த் முனைக்கும் நடுவே உட்கார்ந்து வோல்ட்டேஜைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அளவு தாண்டினால் பாயிண்ட்டை இழுத்துத் திறக்கும். பீல்டு கரண்டு ஒரு ரெசிஸ்டர் வழியே சுற்றிப்போக வேண்டிவந்து குறையும். வோல்ட்டேஜ் இறங்கும், பாயிண்ட் மறுபடி மூடும். ஒரு நொடிக்குள் பல முறை இது நடக்கிறது. மூடியைக் கழற்றி விட்டுக் காதை அருகில் வைத்தால் அந்த ரீங்காரம் கேட்கும். அது கேட்டால் எனக்குப் பாதி நிம்மதி.

ஆக, ஓவர் சார்ஜ் என்றால் பீல்டுக்கு வரக் கூடாத நேரத்தில் முழு கரண்டு வருகிறது. அது மூன்று இடத்தில்தான் நடக்க முடியும். டைனமோவுக்குள்ளேயே டியும் எஃப்பும் தொட்டுக்கொண்டிருக்கலாம். இரண்டு ஒயரும் வரும் வழியில் இன்சுலேஷன் உருகி ஒட்டியிருக்கலாம். அல்லது பெட்டிக்குள் பாயிண்ட் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமல் இருக்கலாம். இந்த மூன்றில் எது என்று பிரிக்க ஸ்பேனர் ஒன்றும் வோல்ட் மீட்டர் ஒன்றும் போதும்.

அதற்கு முன் ஒரு கேள்வி: உண்மையிலேயே ஓவர் சார்ஜ்தானா? முள் வலது ஓரம் போவது மட்டும் நோயல்ல. இறங்கிப்போன பேட்டரி கேட்கிற கரண்டை டைனமோ கொடுக்கிறது, அது கடமை. அரை மணி ஓட்டிய பிறகு முள் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லையென்றால் ஹைட்ரோமீட்டரை எடுத்து ஆறு செல்லிலும் கிராவிட்டி பார்க்க வேண்டும். ஐந்து செல் 1.240 காட்டி ஒன்று மட்டும் 1.100இல் கிடந்தால் அந்த செல் செத்துவிட்டது. பத்து வோல்ட் பேட்டரியாகிவிட்ட ஒன்றைப் பன்னிரண்டாக்க டைனமோ இரவு பகலாக முயல்கிறது. பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது. ஆறும் நிறைந்து, குமிழி விட்டுக்கொண்டு, பேட்டரி சூடாகி, அப்போதும் முள் இறங்காவிட்டால்தான் ஓவர் சார்ஜ் என்ற சொல்லை நான் ஏற்பேன்.

இதைப் பார்க்கும்போது பீடியோ தீக்குச்சியோ பக்கத்தில் இருக்கக் கூடாது. கொதிக்கிற பேட்டரி ஹைட்ரஜனை விடுகிறது. இன்ஜினை நிறுத்தி, சற்று ஆறவிட்டு, எர்த் கிளாம்ப்பை முதலில் கழற்ற வேண்டும். தண்ணீர் மட்டத்தைப் பார்க்கத் தீக்குச்சி கொளுத்தி முகத்தில் ஆசிட் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அதனால் இதைப் பட்டறையில் சேருகிற ஒவ்வொரு பையனுக்கும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

இனி நான் சொல்ல வந்த வண்டி. மன்னார்குடிப் பக்கத்து மாஸி 35. பெரியவர் ஒருவருடையது. அவருடைய அப்பா வாங்கியது. புது டிராக்டர் வாங்க வசதியிருந்தும் அதை விற்க மனம் வராமல் வைத்திருந்தார். வண்டியை ஓட்டிவந்த தம்பி பெட்டியில் அடுக்கி எடுத்துவந்த சாமான்களைப் பார்த்ததுமே கதை பாதி புரிந்தது. கழற்றிய பழைய கட்-அவுட், வெடித்த பல்புகள், தண்ணீர் வற்றித் தகடு வளைந்த பேட்டரி. வேறோர் ஊரில் டைனமோவை ரீவைண்டிங் செய்திருந்தார்கள். புதுப் பெட்டி மாற்றியிருந்தார்கள். புதுப் பேட்டரியும் தண்ணீர் குடிக்கத் தொடங்கியிருந்தது.

"நோய் எப்பலேர்ந்துங்க ஐயா?"

"சித்திரை கடைசிலேர்ந்து தம்பி. அதுக்கு முன்னாடி இந்த வண்டி ஒரு பல்பு கேட்டதில்ல."

டிரைவர் தம்பி ஒன்று சொன்னார். அதை யாரும் அவரிடம் அதுவரை கேட்டிருக்கவில்லை. "முன்னெல்லாம் ஸ்லோவிலேர்ந்து கொஞ்சம் தூக்குனாலே முள் ஏறிடும்ணே. இப்ப நல்லா ரேஸ் குடுத்தாத்தான் ஏறுது. ஏறுனா எறங்க மாட்டேங்குது."

இந்த ஒரு வரி அன்றைக்கு எனக்குக் கிடைத்த பெரிய உதவி. டைனமோவுக்குள் டியும் எஃப்பும் தொட்டிருந்தால் சார்ஜ் மிதமிஞ்சிப் போகும். ஆனால் சார்ஜ் தொடங்கும் வேகம் மாறாது. பாயிண்ட் ஒட்டிக்கொண்டாலும் அப்படியே. ரெகுலேட்டர் ஸ்க்ரூவை அதிகமாக முறுக்கியிருந்தாலும் அப்படியே, கட்-அவுட்டின் ஸ்க்ரூ வேறு. பெல்ட் நழுவினால் சார்ஜ் தாமதமாகத் தொடங்கும், ஆனால் மிகையாக வராது. இங்கே இரண்டும் சேர்ந்து நடக்கிறது. கதவு தாமதமாக மூடுகிறது, மடையும் தாமதமாகச் சுருங்குகிறது. இரண்டு காயிலுக்கும் பொதுவானது எது? இரண்டும் ஒரே இடத்தில்தான் எர்த் ஆகின்றன. இ முனை.

சந்தேகம் ஒரு பக்கம் உறுதியானாலும் மற்ற இடங்களை விடுவிக்காமல் அங்கே போவதில்லை என்பது எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரின் பழக்கம், என் பழக்கமும் அதுவே. முதலில் டைனமோவின் சின்ன முனையில் எஃப் ஒயரைக் கழற்றினேன். இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு டி முனைக்கும் டைனமோ உடம்புக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். இரண்டு வோல்ட்டைச் சுற்றி நின்றது. அது இரும்பில் மிச்சமிருக்கும் காந்தத்தால் வருவது. ஒன்றரையிலிருந்து மூன்று வோல்ட் வரை இருக்கலாம். எஃப் ஒயர் இல்லாமலும் வோல்ட்டேஜ் ஏறிக்கொண்டே போயிருந்தால் உள்ளே டியிலிருந்து பீல்டுக்குக் கள்ள வழி இருக்கிறது என்று அர்த்தம். அப்போதுதான் டைனமோவைக் கழற்ற வேண்டும். இங்கே அது சுத்தம்.

அடுத்தது ஒயர். எஃப்பை டைனமோவில் மறுபடி மாட்டி, பெட்டிப் பக்கத்தில் டி, எஃப் இரண்டையும் கழற்றி ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே விட்டேன். இன்ஜினை ஓட்டினால் அதே இரண்டு வோல்ட். ஒயர் ஒட்டியிருந்தால் இங்கே முள் எகிறியிருக்கும். இந்தச் சோதனையை ஸ்லோவில்தான் செய்ய வேண்டும். பேட்டரி இணைப்பு இல்லாமல் பீல்டு முழுதும் திறந்து வேகத்தைக் கூட்டினால் வோல்ட்டேஜுக்கு எல்லையே கிடையாது, பீல்டு காயில் வெந்துவிடும்.

பீல்டு காயிலையும் தனியாகப் பார்த்தேன். லூகாஸ் சி40 மாதிரி டைனமோவில் எஃப் முனைக்கும் உடம்புக்கும் ஏறக்குறைய ஆறு ஓம் இருக்கும். பன்னிரண்டு வோல்ட் கொடுத்தால் இரண்டு ஆம்பியர் இழுக்கும். இதை ஏன் பார்க்க வேண்டும் என்று பையன்கள் கேட்பார்கள். காயிலுக்குள் சில சுற்றுகள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகியிருந்தால் ஓம் குறையும், கரண்டு கூடும். அந்தக் கூடுதல் கரண்டு ரெகுலேட்டர் பாயிண்ட் வழியாகத்தான் போகிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பொறி பெரிதாகி, பாயிண்ட் கருகி, ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும். புதுப் பெட்டி போட்டால் அதுவும் சில வாரத்தில் அப்படியே போகும். "பெட்டி நிக்கவே மாட்டேங்குது" என்று வருகிற வண்டிகளில் இந்த ஆறு ஓமைப் பார்க்காமல் மூன்றாவது பெட்டியை மாட்டுகிறவர்கள் உண்டு. இந்த வண்டியில் ரீவைண்டிங் செய்த கை நல்ல கை. ஓம் சரியாக இருந்தது.

மிச்சம் பெட்டி. லூகாஸ் ஆர்.பி. 106 வகைப் பெட்டியில் ஏ, ஏ1, எஃப், டி, இ என்று ஐந்து முனைகள் வரிசையாக இருக்கும். ஏ, ஏ1 இரண்டின் ஒயர்களையும் கழற்றிச் சேர்த்துக் கட்டி இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால் பேட்டரி விலகிவிடும். இப்போது டைனமோவும் ரெகுலேட்டரும் மட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். இன்ஜின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் வோல்ட் மீட்டர் முள் ஏறி, ஓரிடத்தில் துடித்து, அதற்கு மேல் போகாமல் நிற்க வேண்டும். நல்ல பெட்டியில் அந்த இடம் 16 வோல்ட்டை ஒட்டியிருக்கும்.

டி முனைக்கும் இ முனைக்கும் நடுவே மீட்டரை வைத்தபோது 14.6 காட்டி நின்றது. அதே வேகத்தில், மீட்டரின் ஒரு முனையை டியில் வைத்தபடியே மறு முனையை இயிலிருந்து எடுத்து டைனமோ உடம்பில் வைத்தேன். 18.5.

பெரியவரைக் கூப்பிட்டு இரண்டையும் காட்டினேன். பெட்டி தன் கண்ணுக்குத் தெரிவதை 14.6 என்று நினைத்துக்கொண்டு நேர்மையாகத்தான் வேலை செய்கிறது. வெளியே போவது 18.5. நடுவில் நாலு வோல்ட் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க இ முனைக்கும் டைனமோ உடம்புக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். 3.9. எர்த் என்று பெயர் வைத்த முனைக்கும் உண்மையான எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய நாலு வோல்ட். அங்கே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

"ஐயா, வண்டிக்கு பெயிண்ட் எப்ப அடிச்சீங்க?"

"சித்திரைலதான். ஏன் தம்பி, பெயிண்ட் அடிச்சதுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் இதுதான். அந்த வண்டியில் இ முனையிலிருந்து ஒரு குட்டி ஒயர் பெட்டியை மாட்டியிருந்த தகட்டின் ஸ்க்ரூவுக்குப் போயிருந்தது. பெயிண்ட் அடிக்கத் தகட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு, பிரைமர் பூசி, அதன்மேல் சிவப்பு இரண்டு கோட் அடித்து மறுபடி மாட்டியிருந்தார்கள். அழகான வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒயரின் வளையம் இப்போது பெயிண்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தகடும் அடுத்த தகட்டில் பெயிண்ட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஸ்க்ரூ மரையின் ஓரத்தில் எங்கோ கொஞ்சம் இரும்பு தொட்டுக்கொண்டிருந்ததால் முற்றாக அறுபடவில்லை. முற்றாக அறுந்திருந்தால் கட்-அவுட் மூடியே இருக்காது, சார்ஜே இல்லை என்று வந்திருப்பார்கள், கண்டுபிடிப்பதும் எளிதாக இருந்திருக்கும். பாதித் தொடர்புதான் ஆளைக் குழப்புவது. அந்த இரண்டு காயிலும் இழுப்பது மிகக் குறைந்த கரண்டு. அதனால் பாதித் தொடர்பிலும் அவை வேலை செய்யும், ஆனால் வழியில் உள்ள தடையில் சில வோல்ட்டுகள் தங்கிவிடும். காயிலுக்குப் போய்ச் சேருவது குறையும். காயில் ஏமாறும்.

முன்பு பார்த்தவர்கள் பெட்டியை மாற்றியும் நோய் தீராததற்கும் இதுதான் காரணம். புதுப் பெட்டியும் அதே ஸ்க்ரூவில்தான் எர்த் ஆனது. இரண்டு வெவ்வேறு பெட்டி ஒரே நோயைக் காட்டினால் பெட்டியை விட்டுவிட்டு அவை இரண்டுக்கும் பொதுவான ஒயரையும் ஆணியையும் பார்க்க வேண்டும். தொழிலில் நான் விடாமல் கடைப்பிடிக்கும் ஒன்று இது.

திருத்தம் சிறியது. தகட்டைச் சுரண்டி எர்த் கொடுப்பதோடு விட்டிருக்கலாம். அது அடுத்த பெயிண்ட் வரைக்கும்தான் தாங்கும், அல்லது அடுத்த மழைக்காலத்துத் துரு வரைக்கும். இ முனையிலிருந்து தனி ஒயர் ஒன்றை ஒயரிங் கூட்டத்தோடு சேர்த்துக் கட்டி, டைனமோ உடம்பு போல்ட்டுக்கே கொண்டுபோனேன். வளையத்தைக் கிரிம்ப் செய்து ஈயமும் வைத்தேன். போல்ட் உட்காரும் இடத்தை வெள்ளை இரும்பு தெரியச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். பேட்டரியிலிருந்து சேஸிஸுக்குப் போகும் பின்னல் எர்த்தையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன், அதன் அடியிலும் சிவப்புப் பெயிண்ட் இருந்தது.

இப்போது டிக்கும் இக்கும் 14.6. டிக்கும் டைனமோ உடம்புக்கும் 14.6. இரண்டும் ஒன்று. எர்த் சரி.

பெரியவர் எழுந்து கிளம்பத் தயாரானார். "உக்காருங்க ஐயா, இன்னும் முடியல" என்றேன். சுமையில்லாமல் 14.6 என்பது இந்தப் பெட்டிக்குக் குறைவு. அதாவது யாரோ ஒருவர் மிகை சார்ஜைக் குறைக்க ஸ்க்ரூவைத் தளர்த்தியிருக்கிறார். எர்த் கெட்டிருந்தபோது அது ஓரளவு வலியைக் குறைத்திருக்கும். எர்த் சரியான பிறகு அப்படியே விட்டால் பேட்டரி ஒருபோதும் நிறையாது. ஆவணியில் "செல்ஃப் எடுக்கலை" என்று இதே வண்டி திரும்பி வரும்.

இந்த 16 வோல்ட் விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆல்டர்னேட்டரில் தொழில் கற்ற தம்பிகள் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஆல்டர்னேட்டர் ஓடும்போது பேட்டரியில் 14.2 பார்த்துப் பழகிய கண்ணுக்கு 16 என்பது ஓவர் சார்ஜாகத் தெரியும். உடனே ஸ்க்ரூவைத் தளர்த்தி 14.2இல் வைப்பார்கள். ஆர்.பி. 106 வேறு கணக்கில் செய்யப்பட்டது. அதன் ரெகுலேட்டரில் மெல்லிய காயிலுக்கு மேல் தடித்த கம்பியில் சில சுற்றுகள் இருக்கும். பேட்டரிக்கும் விளக்குக்கும் போகிற கரண்டு முழுதும் அந்தச் சுற்றுகள் வழியே போகிறது. கரண்டு கூடக்கூட அதுவும் சேர்ந்து இழுத்து வோல்ட்டேஜைத் தானாக இறக்கும். டைனமோ தாங்கும் அளவுக்கு மேல் வேலை வாங்காமல் அதைக் காப்பதற்கான ஏற்பாடு அது. சி40 டைனமோவின் எல்லை 22 ஆம்பியர். அதைத் தாண்டி ஓடினால் ஆர்மேச்சரில் ஈயம் உருகித் தெறிக்கும். அதனால் சுமையில்லாதபோது 16இல் நிற்பது, பேட்டரியை இணைத்து விளக்கைப் போட்டதும் கீழே இறங்கிவரும். வெயிலுக்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஸ்பிரிங்கோடு சேர்ந்த இரட்டை உலோகத் தகடு, சூடு ஏறினால் வோல்ட்டேஜைச் சற்று இறக்கும், குளிரில் ஏற்றும். மின்னணுச் சில்லு எதுவும் இல்லாமல், ஒரு தகட்டின் வளைவை வைத்து இதைச் செய்தவர்களின் அறிவை நினைத்து இன்றும் மரியாதை வருகிறது.

ஸ்க்ரூவைத் தொடும்போது வேகம் வேண்டும். சுமையில்லாமல் ஓடவிட்டபடி நெடுநேரம் திருகிக்கொண்டிருந்தால் காயில் சூடாகி அளவு பொய்யாகிவிடும். அரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் நிறுத்தி ஆறவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். லாக் நட்டைத் தளர்த்திக் கால் திருகு, அதிலும் பாதி. கையிலிருக்கும் ஸ்க்ரூ டிரைவர் பெட்டியின் உள்சட்டத்தையும் வண்டி உடம்பையும் ஒருசேரத் தொடக் கூடாது. அந்தச் சட்டம் டி முனையோடு சேர்ந்தது, கரண்டு உள்ளது. 16.1இல் முள் துடித்து நின்றதும் லாக் நட்டை இறுக்கினேன்.

பாயிண்ட்டும் கொஞ்சம் கருத்திருந்தது, 18 வோல்ட்டில் ஓடியதன் தழும்பு. ரெகுலேட்டர் பாயிண்ட்டுக்கு நைசான கார்பரண்டம் கல்லைப் பயன்படுத்தலாம். கட்-அவுட் பாயிண்ட் மென்மையான உலோகம், அதற்கு நைசான கண்ணாடித் தாள்தான், எமரித் தாளே ஆகாது. எமரியின் பொடி பாயிண்ட்டில் புதைந்து அங்கேயே தங்கிவிடும். தேய்த்தபின் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும்.

ஏ, ஏ1 ஒயர்களை மாட்டி, பேட்டரியை இணைத்து, வண்டியை ஸ்டார்ட் செய்தோம். தம்பி ஆக்ஸிலேட்டரை லேசாகத் தூக்கினார், முள் உடனே ஏறியது. "பழைய மாதிரியே ஏறுதுண்ணே" என்றார். பேட்டரி ஏற்கனவே நிறைந்திருந்ததால் சற்று நேரத்தில் நடுவை நோக்கி இறங்கி, கோட்டுக்கு ஒரு நூல் மேலே நின்றது. ஹெட்லைட்டைப் போட்டதும் கொஞ்சம் இறங்கியது. பெரியவர் மீட்டரைப் பார்த்தபடி நின்றார். அப்பா காலத்து வண்டி அவருக்கு.

வயலுக்கு நடுவே இப்படி ஓவர் சார்ஜ் ஆகி, எலக்ட்ரீஷியன் கிடைக்காமல் போன் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். டைனமோவில் இரண்டு ஒயரில் சின்னதைக் கழற்றி, முனையில் நன்றாக டேப் சுற்றிக் கட்டிவிட்டு ஓட்டுங்கள். கோளாறு டைனமோவுக்குள்ளேயே இல்லையென்றால் சார்ஜ் நின்றுவிடும், எதுவும் கருகாது, விளக்கு பேட்டரியில் எரியும். வேலை முடிந்ததும் கொண்டுவாருங்கள். பெல்ட்டைக் கழற்றக் கூடாது. அதே பெல்ட்டில்தான் வாட்டர் பம்ப்பும் ஃபேனும் சுற்றுகின்றன. பேட்டரி கிளாம்ப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுவதும் தீர்வல்ல. கட்டுப்பாடு இல்லாத டைனமோவின் வோல்ட்டேஜ் முழுதும் அப்போது பல்புகளின் மேல்தான் இறங்கும்.

பழைய இங்கிலாந்து முறை வண்டிகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல வண்டிகள் தொடக்கத்தில் பாசிட்டிவ் எர்த்தாக வந்தவை. பின்னாளில் யாராவது நெகடிவ் எர்த்தாக மாற்றியிருப்பார்கள், அல்லது பாதி மாற்றியிருப்பார்கள். டைனமோவின் காந்தம் ஒரு பக்கமும் பேட்டரி எதிர்ப்பக்கமும் இருந்தால், கட்-அவுட் மூடும் நேரத்தில் இரண்டு வோல்ட்டேஜும் கூடிப் பாயிண்ட் உருகி ஒட்டிக்கொள்ளும். அதனால் டைனமோவைக் கழற்றி மாட்டியவுடன் எஃப் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஓர் ஒயரால் எஃப் முனையைச் சில நொடி தொட்டுக் காந்தத்தின் திசையை நிச்சயப்படுத்திக்கொள்வேன். அமெரிக்க முறை டைனமோக்கள் பலவற்றில் பீல்டின் வயரிங் வேறு, எர்த் பக்கத்தில் கட்டுப்படுத்துவார்கள். இந்த முறை அதற்குப் பொருந்தாது. அங்கே எஃப் ஒயர் எர்த்தில் தொட்டாலே முழு சார்ஜ் வரும். எந்த முறை என்று தெரியாமல் எஃப் ஒயரை எங்கும் தொடக் கூடாது.

டைனமோவைத் தூக்கிப்போட்டு ஆல்டர்னேட்டர் மாட்டிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இரவு முழுக்க நாலைந்து விளக்கோடு ஓடுகிற வாடகை வண்டிக்கு நானே அதைச் சொல்வேன். ஸ்லோவிலும் சார்ஜ் தரும், கார்பன் தேயும் வேலை குறைவு. ஆனால் இரண்டு ஹெட்லைட்டும் ஒரு செல்ஃப் மோட்டாரும் மட்டும் உள்ள வண்டிக்கு அந்த டைனமோ தாராளம். பின்பக்க புஷ்ஷுக்கு அவ்வப்போது ஓரிரு சொட்டு எண்ணெய், கார்பனின் நீளத்தை ஆண்டுக்கொருமுறை பார்ப்பது, எர்த்தைச் சுத்தமாக வைப்பது, இவ்வளவு போதும். அரை நூற்றாண்டு ஓடிய கருவியை, ஒரு ஸ்க்ரூவின் அடியில் இருந்த பெயிண்ட்டுக்காகக் கழித்துக்கட்ட எனக்கு மனம் ஒப்புவதில்லை.

பெரியவரின் வண்டி அந்தக் குறுவை முழுதும் சேறடித்தது. இடையில் தம்பி ஒருமுறை பேட்டரியைக் காட்ட வந்தார். ஆறு செல்லிலும் தண்ணீர் தகட்டுக்கு மேல் நின்றது, கிராவிட்டி ஆறிலும் ஏறக்குறைய ஒரே அளவு. அதற்குப் பிறகு பட்டறைக்கு வருகிற டைனமோ வண்டி எதுவானாலும், வந்த வேலை வேறாக இருந்தாலும், இ முனையிலிருந்து டைனமோ உடம்புக்குத் தனி ஒயர் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் இழுத்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.